பகடை யார் கையில்?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சந்தவாசலில் எங்கள் காலனிக்குப் பின்னால் ஜவ்வாது மலை நிற்கும். இரவில் கரண்ட் போனால் பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். எப்போதும் கதைதான் கேட்பார்கள். இந்த முறை ஒரு சுருக்குப்பை நிறையப் பகடைகள் கொண்டுபோயிருந்தேன். நான்கு முகம், ஆறு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று வகைவகையாக. பல்கலைக்கழக விடுதியில் நான்கைந்து வருடமாக நாங்கள் ஆடிவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை.

"மலைமேல ஒரு குகை. உள்ள புதையல். வாசல்ல ஒரு ஆர்க் நிக்கிறான். பச்சைத் தோலு, கோரைப்பல்லு, கையில கோடாலி. இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் "அடி, அடி" என்று கத்தினார்கள். ஆறாம் வகுப்பு முடித்த என் அக்கா மகன் மட்டும் பகடையை உருட்டாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"சித்தி, அவன் இன்னா தப்பு பண்ணான்?"

"அவன் ஆர்க்குடா. ஆர்க்குனாலே கெட்டவங்கதான்."

"பொறக்கும்போதேவா?"

சாதியைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவள் நான். பிறப்பை வைத்து மனிதரை அளக்காதே என்று மேடையிலும் பேசுகிறேன். அப்படிப்பட்ட நான், என் சொந்தத் திண்ணையில், எங்கள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'அந்த இனத்தில் பிறந்தவன் கெட்டவன், அதனால் அடிக்கலாம்' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கரண்ட் வந்தது, பிள்ளைகள் கலைந்துபோனார்கள். கேள்வி மட்டும் போகவில்லை.

இந்த விளையாட்டு நம் இளைஞர்களுக்கு இன்று புதிதல்ல. 2016இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்த யாருக்கும், நான்கு பையன்கள் நிலவறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் தொடக்கப் பகுதிக் காட்சி நினைவிருக்கும். 2023இல் இதே விளையாட்டு பெரும் பொருட்செலவில் ஹாலிவுட் படமாகவும் வந்தது. மேசையில் ஆடப்படும் ஒன்று திரைக்குப் போகும்போது எது கூடவே போகிறது, எது மேசையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ரசிகர் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. சாதி ஒழிப்பு பேசுகிறவர்களுக்கும் அதில் வேலை இருக்கிறது.

மேசையும் கூத்தும்

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய விளையாட்டு இது. ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. அவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதவை உடைப்பேன், காவலனிடம் பொய் சொல்வேன், ஓடிவிடுவேன் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். முயற்சி பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதை எங்கே போகும் என்று டன்ஜன் மாஸ்டருக்கே தெரியாது.

கூத்து பார்த்து வளர்ந்த திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. கட்டியக்காரன் என்ன செய்கிறான்? வேஷங்களை அறிமுகப்படுத்துகிறான், ராஜாவையே கேலி செய்கிறான், கூட்டத்தில் ஒருவர் ஏதாவது கத்தினால் அதையும் கதைக்குள் இழுத்துக்கொள்கிறான். 'பகடை துகில்' கூத்தின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தருமன் தோற்பான். ஆனால் ஒவ்வொரு இரவும் கட்டியக்காரன் வாயில் அது வேறு கூத்தாகிவிடும். அன்றைய விலைவாசி வரும், உள்ளூர்த் தகராறு வரும்.

கூத்தைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. என் ஆயா சின்ன வயதில் கூத்து பார்த்தது ஊர்த்தெரு முனையில் நின்றுகொண்டு. பந்தலுக்குள் உட்கார இடம் இல்லை. கட்டியக்காரன் ராஜாவைக் கேலி செய்யலாம். யார் எங்கே உட்கார்வது என்ற விதியைக் கேலி செய்ய அவனுக்கும் அனுமதி இருந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு விளையாட்டின் விதிப்புத்தகத்தைப் புரட்டுவோம்.

பிறப்பு எழுதிய விதிகள்

1978இல் வந்த 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டக்காரர் கையேட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று 'ரேஸ்', அதாவது பிறந்த இனம். இன்னொன்று 'கிளாஸ்', அதாவது செய்யும் தொழில். இரண்டையும் இணைக்கும் அட்டவணையைப் படித்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். குள்ளர் இனத்தில் பிறந்தவர் மந்திரவாதியாக முடியாது. 'பாலடின்' என்ற புனித வீரராக மனிதரைத் தவிர வேறு யாராலும் ஆக முடியாது. பல இனங்களுக்குத் தொழிலில் இந்தப் படி வரைதான் ஏறலாம் என்று உச்சவரம்பு வேறு. ஆர்க்குக்கும் மனிதருக்கும் பிறந்த கலப்பினத்தவர் வரம்பில்லாமல் உயரக்கூடிய தொழில் ஒன்றே ஒன்று: கூலிக்குக் கொலை செய்வது. பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கும் தனியாக ஒரு வரம்பு இருந்தது.

1936இல் லாகூரில் பேச விடப்படாத உரையை அண்ணல் அம்பேத்கர் தானே அச்சிட்டு வெளியிட்டார். சாதி என்பது வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு என்று சமாதானம் சொன்னவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது. வேலையின் பெயரால் ஆட்களையே பிரித்து, ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி, பிறந்த அடுக்கை விட்டு நகர முடியாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதே அவருடைய வாதம். கைகாக்ஸ் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. மனுஸ்மிருதியை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 'ஒரு உலகத்தைக் கற்பனை செய்' என்றால் பிறப்பையும் தொழிலையும் சேர்த்து முடிச்சுப் போடுவதுதான் முதலில் கைக்கு வருகிறது. கற்பனை என்று நாம் கொண்டாடுவதில் பழக்கத்துக்கும் பங்கு இருக்கிறது.

அந்த அட்டவணை நிலைக்கவில்லை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் தொழில் தடையும் உச்சவரம்பும் போயின. ஆனாலும் 2016இல் வந்த ஒரு துணைநூலில், ஆர்க் பாத்திரம் எடுத்தால் அறிவுத்திறனில் இரண்டு புள்ளி குறையும் என்று மறுபடி எழுதினார்கள். பிறவியிலேயே மந்தபுத்தி. ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட 2020இல் கேள்விகள் குவிந்தன. அந்தக் கழித்தல் நீக்கப்பட்டது. 2022 டிசம்பரில் 'ரேஸ்' என்ற சொல்லையே விடப்போவதாக அறிவித்தார்கள். இவையெல்லாம் கம்பெனிக்குத் தானாக வந்த ஞானம் அல்ல. நாற்பது வருடமாக மேசைகளில் யாரோ ஒருவர் பகடையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு 'ஏன்?' என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனையோ மேசைகளில் புத்தகம் மாறுவதற்கு முன்பே விதியை மாற்றி ஆடிவிட்டார்கள். மேசை என்கிற வடிவத்தின் பலம் இது. விதி பிடிக்கவில்லையா, இன்றிரவே மாற்றிக்கொள்ளலாம்.

நம் ராட்சசனும் அங்கே இருக்கிறான்

இது அமெரிக்கர்களின் நிறவெறிப் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கலாம். 1975 டிசம்பரிலேயே 'ராட்சசன்' இந்த விளையாட்டுக்குள் அரக்கனாக வந்துவிட்டான். 1977இல் வந்த அரக்கர் கையேட்டில் அவனுக்குப் புலித்தலை, கையில் புகைக்குழாய். பிறப்பிடம் இந்தியா. மாயம் செய்வான், மனித இறைச்சி தின்பான். அவனைக் கொல்லும் வழி என்ன தெரியுமா? பூசாரி ஆசீர்வதித்த அம்பு ஒன்று பட்டால் போதும்.

புராணத்து ராட்சசனைப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். கதையோடு அதன் தீர்ப்பும் சேர்ந்தே போயிருக்கிறது. இந்தத் தீர்ப்பை நம் முன்னோர்கள் எப்போதோ மறுத்துவிட்டார்கள். 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி'யில் அவதாரக் கதைகளைப் படையெடுத்து வந்தவர்கள் எழுதிய வெற்றிக் கதைகளாக வாசித்தார். பலியை நீதியான மன்னனாக முன்னிறுத்தினார். சிரஞ்சீவி என்று சொல்லப்படும் பரசுராமனை நேரில் வந்து நிற்கச் சொல்லி அறிவிப்பே எழுதினார். தமிழில் புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார். 1948இல் அரசு தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. 2018இல் பா. இரஞ்சித் 'காலா'வின் உச்சக்காட்சியில் இராமாயணத்தைத் தாராவியின் பக்கம் நின்று திருப்பிப் போட்டார். ராட்சசனின் இடத்திலிருந்து கதை சொல்லும் மரபில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல. அப்படியிருந்தும் என் வாயில் 'ஆர்க்குனாலே கெட்டவங்க' என்று வந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது.

திரைக்குப் போனது என்ன

இந்த விளையாட்டின் முதல் திரைப்படம் 2000இல் வந்தது. கோர்ட்னி சாலமன் இயக்கம். கதை நடக்கும் இஸ்மர் பேரரசில் மந்திரம் அறிந்தவர்கள் ஆள்கிறார்கள், மந்திரம் அறியாத பொதுமக்கள் ஏறக்குறைய அடிமைகள். படிப்பும் அதிகாரமும் ஒரு வகுப்புக்கு மட்டும். இதை நமக்கு விளக்கவும் வேண்டுமா? ஆனால் படம் என்ன செய்கிறது? நல்ல மனசுள்ள இளம் பேரரசி சமத்துவம் தர விரும்புகிறாள். கெட்ட மந்திரவாதி தடுக்கிறான். அடிமைகள் எங்கும் கூடிப் பேசுவதில்லை, வேலைநிறுத்தம் செய்வதில்லை. மேலிருந்து ஒருவர் மனம் வைத்தால் கீழே விடுதலை கிடைத்துவிடும் என்பதே படத்தின் அரசியல். நாயகனின் கறுப்பினத் தோழன் சிரிப்புக்காக இருக்கிறான், நடுவழியில் கொல்லப்படுகிறான். கொல்பவனுக்கு எங்கிருந்தோ 'டமோடார்' என்று பெயர். விளையாட்டின் டிராகன்களும் மந்திரங்களும் எல்லாம் படத்தில் உண்டு. ஆட்டம் மட்டும் இல்லை. படம் போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை.

2023இல் ஜொனாதன் கோல்ட்ஸ்டைனும் ஜான் ஃபிரான்சிஸ் டேலியும் இயக்கிய 'ஹானர் அமங் தீவ்ஸ்' வேறு வழியில் போனது. விதிப்புத்தகத்தை ஒப்பிக்காமல், மேசையில் நடப்பதைப் படமாக்கினார்கள். இறந்தவர்களைப் பேசவைக்கும் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிணத்திடம் ஐந்தே கேள்விகள் கேட்கலாம் என்பது விதி. இடுகாட்டில் இவர்கள் உருப்படியில்லாத கேள்விகளைக் கேட்டு வீணடிக்கிறார்கள். ஒரு மேசையில் நண்பர்கள் செய்யும் அதே கூத்து. இன்னொரு காட்சியில், சிக்கலான விதிகள் கொண்ட ஒரு பாலத்தை எப்படிக் கடப்பது என்று வீரன் ஒருவன் நீளமாக விளக்குகிறான். விளக்கி முடிப்பதற்குள் ஒருவன் முதல் கல்லில் கால் வைக்க, பாலமே இடிந்து விழுகிறது. விளையாடியவர்களுக்குத் தெரியும், அது பகடையில் ஒன்று விழுந்த கணம். திரையில் பகடை இல்லை, ஆனால் உருண்ட சத்தம் கேட்கிறது. திட்டம் போடு, தோற்றுப்போ, மறுபடி திட்டம் போடு. படம் மேசையிலிருந்து கொண்டுபோனது இதைத்தான், சரியாகவே கொண்டுபோனது.

இது ஒரே வழியும் அல்ல. ஜப்பானில் 1986இல் ஒரு குழு விளையாடியதைப் பத்திரிகையில் தொடராகப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து நாவல்களும் 1990இல் 'ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்' அனிமேஷனும் பிறந்தன. அமெரிக்காவில் பின்னணிக் குரல் நடிகர்கள் சிலர் தங்கள் ஆட்டத்தை இணையத்தில் ஒளிபரப்பினார்கள். 2019இல் ரசிகர்கள் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுக்க, 2022இல் அது 'தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மாகினா' தொடரானது. நன்றாக வந்தவை எல்லாம் விளையாடியவர்களிடமிருந்து வந்தவை.

ஆனால் 2023 படம் எதை மேசையிலேயே விட்டுவிட்டது என்றும் பார்க்க வேண்டும். அதில் இரண்டு பெண்கள். ஹோல்கா என்ற மல்லுக்காரி, தன் கூட்டத்துக்கு வெளியே ஒருவனை மணந்ததால் விலக்கி வைக்கப்பட்டவள். டோரிக் என்ற பெண் கொம்போடு பிறந்தவள். அந்தப் பிறப்புக்காகவே மனிதப் பெற்றோரால் கைவிடப்பட்டு, காட்டில் எல்ஃப்களால் வளர்க்கப்பட்டவள். தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் இவை இரண்டும் ஓரக் கதைகள் அல்ல. வெளியே மணந்ததற்காக 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதை மறக்காதவர்களுக்கு ஹோல்காவின் கதைதான் முதன்மைக் கதை. படம் அதைத் தொட்டுவிட்டு நகர்கிறது. அவள் முன்னாள் கணவனைச் சந்திக்கும் காட்சி உருக்கமானதுதான். ஆனால் அவன் உருவத்தில் மிகச் சிறியவன் என்பதுதான் அங்கே சிரிப்பு. அவளை விலக்கி வைத்த கூட்டத்திடம் 'யார் போட்ட விதி இது?' என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை. வலி பாத்திரத்தின் பின்கதையாகிறது, விதி அப்படியே இருக்கிறது.

மேசையாக இருந்தால் ஹோல்காவை ஆடுகிறவள், 'முதலில் என் ஊருக்குப் போய் அவர்களை நிற்கவைத்துக் கேட்கப்போகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். கதை அந்தப் பக்கம் திரும்பியே ஆக வேண்டும். திரையில் அந்த உரிமை நமக்கு இல்லை. படமாக்குகிறவர்கள் ஆட்டத்தின் வேடிக்கையைக் கொண்டுவர முடிந்தது, ஆட்டக்காரரின் உரிமையைக் கொண்டுவர முடியவில்லை.

அந்தச் சொல்

நம்மூரின் பெரிய கற்பனைப் படத்துக்கு வருவோம். 2015இல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர்கள் என்றொரு கூட்டம். உடம்பெல்லாம் கறுப்பு, சடைமுடி, நமக்குப் புரியாத 'கிளிக்கி' மொழி. மகாபாரதத்தில் காலகேயர் அசுரக் கூட்டம். அவர்களுடைய ஊர் எது, பிள்ளைகள் எங்கே என்று படம் கேட்பதில்லை. வெட்டுவதற்கென்றே திரையில் பிறந்தவர்கள். இது விதிப்புத்தகத்தின் ஆர்க்தான். சிவந்த நாயகன், கறுத்த கூட்டம். இதைச் செய்வதற்கு எந்த அமெரிக்க விளையாட்டும் நமக்குத் தேவைப்படவில்லை.

அதே படத்தின் தமிழ் வடிவத்தில் 'பகடை' என்ற சொல் பிறப்பை இழிவுபடுத்தும் வசவாக வந்தது. நான் இந்தக் கட்டுரை முழுக்கப் பகடை, பகடை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தென்மாவட்டங்களில் அது அருந்ததியர் மக்களைக் குறிக்கும் பெயர். ஒண்டிவீரன் பகடை என்று வீரத்தோடு சொல்லப்பட்ட பெயர், சாதி வெறியர்கள் வாயில் வசவானது. படம் வெளியானதும் அருந்ததியர் அமைப்புகள் போராடின. வசனம் எழுதிய மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார், அந்தச் சொல்லை நீக்குவதாக அறிவிக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தைப் பலர் 'எதற்கெடுத்தாலும் மனம் புண்படும் கூட்டம்' என்று கடந்துபோனார்கள். எனக்கு அது வேறாகத் தெரிகிறது. மேசையில் உட்கார இடம் தரப்படாதவர்கள், தெருவில் நின்று ஒரு விதியை மாற்றினார்கள். திரை முடிந்துபோன வடிவம், அதில் ஆட்டக்காரர் கிடையாது என்று சற்றுமுன் சொன்னேனே, அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் திரை எப்போதும் அப்படி மூடிக்கிடந்ததில்லை. கேள்வி கேட்டால் திரையும் மாறும். ஆனால் மேசையில் ஒரு பையன் வாய்திறந்தால் போதும். திரையை மாற்ற ஒரு சமூகமே தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. அந்த விலை யாருக்கு விழுகிறது என்பதைப் படம் எடுக்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

'விளையாட்டுல எதுக்குச் சாதி?'

இந்தக் கேள்வியை விடுதியில் நேரிலேயே கேட்டிருக்கிறேன். நண்பன் ஒருவன் டன்ஜன் மாஸ்டராக ஒரு ராஜ்ஜியத்தை உருவாக்கினான். 'யதார்த்தமாக' இருக்க வேண்டும் என்று நான்கு வருணம் வைத்தான். சத்திரத்துக்குள் போன என் பாத்திரத்துக்குத் தனிக்குவளையில் தண்ணீர் கொடுத்தான். மேசையில் சிரிப்பு. "குவளையை உடைக்கிறேன்" என்றேன். "அதெல்லாம் வேணாம், கதை நின்னுடும், விளையாட்டுல எதுக்குச் சாதியைக் கொண்டு வர்ற" என்றான். கொண்டுவந்தது யார் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அறைக் கதவைத் தட்டினான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரி, குவளை உடைஞ்சிடுச்சு. அடுத்து என்ன நடக்கும்னு எனக்குத் தெரியல. நீ வந்தாதான் தெரியும்" என்றான். அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் ஆடியது அந்த உடைந்த குவளையிலிருந்து தொடங்கிய கதையை. எங்கள் மேசையின் மிகச் சிறந்த ஆட்டம் அதுதான் என்று அவனே இன்று சொல்கிறான். சாதியைக் கதைக்குள் வைப்பது குற்றமல்ல. அதை உடைக்கப் பகடையைத் தராமல் வைப்பதுதான் குற்றம்.

இன்னொரு எதிர்வாதம் என் தோழர்களிடமிருந்தே வருகிறது. 'ரேஸ்' என்ற சொல்லை மாற்றுவதெல்லாம் கம்பெனி போடும் முகப்பூச்சு என்கிறார்கள். பாதி உண்மை. 2022இல் வெளியிட்ட ஒரு நூலிலேயே, குரங்கு போன்ற ஓர் இனத்தை மந்திரவாதி அடிமையாக்கி அறிவூட்டினான் என்று எழுதி, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். 2023 ஜனவரியில், விதிகளை மற்றவர்கள் பயன்படுத்தும் திறந்த உரிமத்தை இறுக்கப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள், வரப்போகும் படத்தைப் புறக்கணிப்போம் என்ற குரலும் எழுந்தது. மாதம் முடிவதற்குள் கம்பெனி இறங்கிவந்து, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் பொதுவாக விட்டது. கம்பெனி நல்லது என்று நான் சொல்லவில்லை, ஆட்டக்காரர்கள் வென்றார்கள் என்கிறேன். அந்த விதிகளை எடுத்து நாளைக்கே தமிழில் ஒரு விளையாட்டு எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எழுதியவர்களும் இருக்கிறார்கள். 2022இல் வெளியான 'ஜர்னிஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டடெல்' என்ற அதிகாரபூர்வ நூலில் பதின்மூன்று கதைக்களங்கள், அனைத்தும் வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் எழுதியவை. அதில் வங்கத்தின் ஆறுகளையும் காடுகளையும் நினைவூட்டும் 'இன் தி மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா'வை எழுதியவர் மிமி மண்டல், கொல்கத்தாவில் பிறந்த தலித் எழுத்தாளர். நூலை முன்னின்று உருவாக்கிய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். ஓசூர்ப் பக்கம் ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் உறைவிடப் பள்ளியோடு சேர்ந்து இயங்குபவர். ராட்சசனைப் புலித்தலையோடு வரைந்த விளையாட்டுக்குள், நாற்பத்தைந்து வருடம் கழித்து, நம் பக்கத்து ஆட்கள் கதை சொல்பவர்களாகப் போயிருக்கிறார்கள். அடுத்த படத்தை எடுக்க வருகிறவர்கள் இந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கட்டும். தமிழில் கற்பனைப் படம் எடுக்க நினைக்கும் நம் தோழர்களிடம் நான் கேட்பது இன்னும் எளிமையானது. திரைக்கதையை எழுதுவதற்கு முன்னால், சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் வந்த ஆறு பேரை உட்காரவைத்து அந்தக் கதையை ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். உங்கள் அரக்கனை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு கேமராவை எடுங்கள்.

திண்ணையில் மறுநாள்

மறுநாள் இரவு பிள்ளைகளிடம் சொன்னேன்: "நேத்து சித்தி சொன்னது தப்பு. அந்த ஆர்க் ஏன் அங்க நிக்கிறான்னு நீங்களே சொல்லுங்க." அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் முடிவானது இது: அவன் வாட்ச்மேன் வேலைக்கு வந்தவன். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. புதையல் யாருடையது என்று அவனுக்கும் தெரியாது. அக்கா மகன் அவனிடம் பேசிப் பார்க்கப் பகடை உருட்டினான். பதினேழு விழுந்தது. இப்போது அந்த ஆர்க் அவர்கள் கூட்டத்தில் ஒருவன், பெயர் குமார்.

பிறகு அடுத்த கதை கேட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து சாலை பிரிவது படவேட்டு ரேணுகாம்பாளுக்குத்தானே, அந்தக் கதையையே சொன்னேன். புருஷன் சொல்ல, மகன் பரசுராமனே தாய் ரேணுகையின் தலையை வெட்டுகிறான். கூடவே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தியின் தலையும் விழுகிறது. வரம் கிடைத்து உயிர் கொடுக்கும்போது தலைகள் மாறிப்போகின்றன. ரேணுகையின் தலை நம் சாதிப் பெண்ணின் உடலில் ஒட்டிக்கொண்டு சாமியாகிறது. பல ரேணுகை கோயில்களில் தலை மட்டும்தான் வழிபடப்படுகிறது என்றும் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பெண், நாலாவது படிப்பவள், கேட்டாள்: "அந்த இன்னொரு பொம்பள இன்னா தப்பு பண்ணா? அவ பேரு இன்னா?"

உள்ளே படுத்திருந்த ஆயாவிடம் கேட்டேன். "அவளுக்குப் பேரு யாரும் சொல்லலடி" என்றாள்.

எங்கள் அடுத்த ஆட்டம் அவளிடமிருந்து தொடங்குகிறது. பெயர் வைக்கும் பொறுப்பு அந்தப் பெண்பிள்ளையுடையது. பகடையும் அவள் கையில்தான்.